கடவுளின் வயல்: ஹெர்ன்ஹூட் கல்லறைத் தோட்டமும் உயிர்ப்பு விடியலும்

உயிர்த்தெழுதலைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை அறிய அவர்களுடைய விசுவாச அறிக்கைகளும் இறையியல் நூல்களும் போதும்; அதை எந்த அளவுக்கு நம்பி வாழ்ந்தார்கள் என்பதை அறிய, தம்முள் இறந்தவர்களை எங்கே, யாருக்குப் பக்கத்தில், எத்தகைய கல்லின் கீழ் அடக்கம் செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த நோக்கில், ஜெர்மனியின் கிழக்கெல்லையில் சாக்சனி மாநிலத்தைச் சேர்ந்த மேல் லுசாட்சியா பகுதியில் உள்ள ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரின் கல்லறைத் தோட்டம் தனிக் கவனத்துக்குரியது. 1730இல் ஹுட்பெர்க் என்ற குன்றின் சரிவில் அமைக்கப்பட்ட அத்தோட்டத்தில்தான், 1732ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் உயிர்ப்பு ஞாயிறன்று, மணமாகாத இளைஞர் குழுவொன்று கதிரவன் எழும் வேளையில் கூடிப் பாடியது. அந்தக் கூடுகையிலிருந்து வளர்ந்த விடியல் ஆராதனை இன்று பல கண்டங்களில் நடைபெறுகிறது. அத்தோட்டத்தின் அமைப்பையும் அவ்வாராதனையின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, உயிர்த்தெழுதல் நம்பிக்கை ஒரு சமூகத்தை எவ்வளவு தூரம் மாற்றக்கூடியது என்பதும், எந்த இடத்தில் அச்சமூகம் தன் நம்பிக்கைக்கே முதுகு காட்டியது என்பதும் ஒருங்கே வெளிப்படுகின்றன.

அந்த நம்பிக்கையின் உள்ளடக்கத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இயேசு சிலுவையில் இறந்து, அடக்கம் செய்யப்பட்டு, மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார் என்பது கிறிஸ்தவர்களின் அடிப்படைச் சாட்சியம். வாரத்தின் முதல் நாள் அதிகாலையில் கல்லறைக்குச் சென்ற மகதலேனா மரியாளும் மற்றப் பெண்களுமே அது வெறுமையாக இருந்ததை முதலில் கண்டவர்கள் என்று நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. இயேசு என்ற தனி ஒருவருக்கு நேர்ந்த அற்புதமாக மட்டும் இந்நிகழ்ச்சியைத் திருத்தூதர் பவுல் பார்க்கவில்லை. கி.பி. 50களின் நடுப்பகுதியில் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலை அறுவடையின் முதற்கனி என்று அவர் குறிக்கிறார். முதற்கனி வந்துவிட்டதென்றால் வயல் முழுவதும் விளையப்போகிறது என்பது அதன் பொருள். மண்ணில் இடப்படும் விதைக்கும் அதிலிருந்து எழும் பயிருக்கும் உள்ள தொடர்பையும் வேறுபாட்டையும் காட்டி, அடக்கம் செய்யப்படும் உடலும் எழுப்பப்படும் உடலும் ஒன்றே எனினும் ஒரே தன்மையன அல்ல என்று அவர் விளக்குகிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்நம்பிக்கை ஆன்மாவின் அழியாமையைப் பற்றியதன்று என்பதே. உடல் ஒரு சிறை, மரணம் அதிலிருந்து கிடைக்கும் விடுதலை என்ற எண்ணம் கிரேக்க உலகில் பரவியிருந்தது. ஏதென்சில் பவுல் மரித்தோர் எழுவதைப் பற்றிப் பேசியபோது சிலர் நகைத்தனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் நூல் பதிவு செய்கிறது. 2ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய செல்சஸ் என்ற அறிஞர், அழுகிய உடலுக்குத் திரும்ப விரும்புவது புழுக்களுக்குரிய ஆசை என்ற பொருளில் ஏளனம் செய்தார். யூதருக்குள்ளும் பரிசேயர் இதை ஏற்க, சதுசேயர் மறுத்தனர். இத்தனை மறுப்புகளுக்கு நடுவே கிறிஸ்தவர்கள் உடலை விட்டுக்கொடுக்காமல் நின்றதற்குக் காரணம், மனிதன் பட்ட துன்பமும் அவன் செய்த நன்மையும் உடலால் நிகழ்ந்தவை, எனவே கடவுளின் மீட்பும் உடலைத் தொட வேண்டும் என்ற அவர்களுடைய உறுதியாகும். கி.பி. 177இல் லியோன் நகரத்தில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் உடல்களை அதிகாரிகள் எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தது, அவர்களுக்கு உயிர்த்தெழும் நம்பிக்கையே இல்லாமல் போகட்டும் என்பதற்காகத்தான் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் பாதுகாத்த மடல் தெரிவிக்கிறது. உடல் மறைந்தாலும் படைத்தவரின் ஆற்றல் மறையாது என்பதே சபையின் பதிலாக இருந்தது. ஆயினும் இறந்தவரைக் கழுவி, துணி சுற்றி, அக்கறையோடு மண்ணில் வைப்பதை அது கைவிடவில்லை.

ரோமாபுரியைச் சுற்றிய மென்பாறையில் குடையப்பட்ட நிலத்தடிக் கல்லறைகளான கேட்டகோம்கள் இந்த அக்கறையின் பெரும் சான்றுகள். சுரங்க வழியின் இருபுறச் சுவர்களிலும் அடுக்கடுக்காக வெட்டப்பட்ட ஒடுக்கமான மாடங்களில் சபையின் ஏழைகளும் இடம்பெற்றனர். அடக்கச் செலவைத் தாங்க இயலாதவர்களுக்காகச் சபையின் பொதுப்பணம் செலவிடப்பட்டது என்று 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய தெர்த்துல்லியன் குறிப்பிடுகிறார். சுவர்களில் யோனாவும் தானியேலும் லாசருவும் வரையப்பட்டிருக்க, இயேசு கல்லறையிலிருந்து எழும் கணம் மட்டும் வரையப்படவில்லை என்பது சிந்திக்கத்தக்கது; நற்செய்தி நூல்களும் அக்கணத்தை விவரிப்பதில்லை. இறந்தோருக்குக் கிறிஸ்தவர்கள் காட்டிய இந்தக் கவனிப்பு வெளியாருக்கும் புலப்பட்டது. பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன் 362இல் எழுதிய மடலொன்றில், கிறிஸ்தவம் பரவியதற்கான காரணங்களுள் ஒன்றாக இதையும் குறிப்பிட்டார்.

நடுக்காலத்தில் இந்த ஒழுங்கு குலைந்தது. புனிதர்களின் எச்சங்களுக்கு அருகில் அடக்கம் செய்யப்படுவது பயன் தரும் என்ற எண்ணம் வலுத்ததால், செல்வரும் குருக்களும் ஆலயத்துக்குள்ளேயே பீடத்தை நெருங்கி இடம்பிடித்தனர். ஏழைகள் வெளிமுற்றத்தின் பொதுக்குழிகளுக்குத் தள்ளப்பட்டனர். அதே காலத்தில் உயிர்ப்பு விழாவின் வழிபாடு மிகச் செழுமையாக வளர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்: 10ஆம் நூற்றாண்டு முதலே பல துறவுமடங்களில் வெறுமையான கல்லறையைத் தேடி வரும் பெண்களுக்கும் வானதூதருக்கும் இடையிலான உரையாடல் பாட்டாக நடித்துக் காட்டப்பட்டது, ஆலயத்துக்குள் அதற்கெனவே ஒரு கல்லறை மாதிரி அமைக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தம் இவற்றில் பெரும்பகுதியை நீக்கியது. உத்தரிக்கும் ஸ்தலம், அதாவது இறந்த ஆன்மாக்கள் தூய்மையாக்கப்படும் இடைநிலை, மறுக்கப்பட்டதால் இறந்தோருக்காகச் செபிக்கும் வழக்கமும் ஆன்மாக்கள் நினைவுநாளும் சீர்திருத்தச் சபைகளில் நின்றுபோயின. கல்லறைகளை ஊருக்கு வெளியே கொண்டுசெல்வது உடல்நலத்துக்கு உகந்தது என்று 1527இல் கொள்ளைநோயைப் பற்றிய சிறுநூலில் மார்ட்டின் லூத்தரும் பரிந்துரைத்தார். இம்மாற்றங்களுக்கு வலுவான காரணங்கள் இருந்தன. எனினும் உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களோடு சேர்ந்து நிற்பதற்கான ஓர் இடமும் ஒரு நேரமும் அதனால் இல்லாமற்போயின. ஹெர்ன்ஹூட் இளைஞர்கள் 1732இல் செய்த காரியம் முன்பு நீக்கப்பட்ட எதையும் அப்படியே மீட்கவில்லை என்றாலும், அந்த வெற்றிடத்தை நிரப்பியது.

அவ்வூரின் தோற்றமே சாம்பலில் தொடங்குகிறது. பொகேமியாவின் சீர்திருத்தவாதியான யான் ஹுஸ் 1415ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் கொன்ஸ்தான்ஸ் நகரில் எரிக்கப்பட்டு, நினைவுச்சின்னம் எதுவும் எஞ்சிவிடாதபடி அவருடைய சாம்பல் ரைன் ஆற்றில் எறியப்பட்டது. அவருடைய போதனையின் வழிவந்தவர்கள் 1457இல் சகோதரர் ஐக்கியம் என்ற சபையாக ஒன்றுகூடினர். 1620இல் பிராகா அருகே வெள்ளைமலைப் போரில் சீர்திருத்தத் தரப்பு தோற்ற பின், அச்சபை நசுக்கப்பட்டு நாடுகடத்தலுக்கும் மறைவாழ்வுக்கும் தள்ளப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து, மொரேவியாப் பகுதியிலிருந்து தப்பிவந்த அகதிகளுக்கு நிகோலஸ் லுட்விக் வான் சின்சென்டார்ஃப் என்ற இளம் பிரபு தம் பெர்தெல்ஸ்டோர்ஃப் பண்ணை நிலத்தில் இடமளிக்க, 1722 ஜூன் 17 அன்று கிறிஸ்தியான் டேவிட் என்ற தச்சர் அங்கே முதல் மரத்தை வெட்டினார். அந்தக் குடியிருப்புக்கு ஆண்டவரின் காவல் என்று பொருள்தரும் ஹெர்ன்ஹூட் என்ற பெயர் வழங்கியது. தொடக்க ஆண்டுகளில் அகதிகளுக்குள் கடும் பிளவுகள் இருந்தன. 1727 ஆகஸ்ட் 13 அன்று பெர்தெல்ஸ்டோர்ஃப் ஆலயத்தில் நடந்த திருவிருந்து ஆராதனையில் அவர்கள் ஒப்புரவானதையே மொரேவிய சபையார் தம் மறுபிறப்பாகக் கருதுகின்றனர்.

ஹெர்ன்ஹூட்டின் அன்றாட வாழ்வு "கோர்" எனப்பட்ட குழுக்களாக அமைந்திருந்தது. மணமான ஆண்கள், மணமான பெண்கள், மணமாகாத சகோதரர், மணமாகாத சகோதரிகள், கைம்பெண்கள், மனைவியை இழந்தவர்கள், சிறுவர், சிறுமியர் என்று வயதும் வாழ்நிலையும் ஒத்தவர்கள் ஒரு குழுவாகக் கூடிச் செபித்தனர், ஒருவர் மற்றவரின் ஆன்மிக வாழ்வைக் கவனித்தனர், சில இடங்களில் ஒரே வீட்டில் வசித்தனர். பெண்களின் வெண்தொப்பியில் கட்டிய நாடாவின் நிறம் அவர்கள் எந்தக் குழுவினர் என்பதைக் காட்டியது: சிறுமியருக்குச் சிவப்பு, மணமாகாதவர்களுக்கு இளஞ்சிவப்பு, மணமானவர்களுக்கு நீலம், கைம்பெண்களுக்கு வெள்ளை.

இந்த ஒழுங்கு மரணத்தோடு முடியவில்லை. விதையைப் பற்றிய பவுலின் எண்ணத்தை நினைவூட்டும் "கடவுளின் வயல்" என்ற பெயர் ஜெர்மானியக் கல்லறைகளுக்கு முன்பே வழங்கிவந்தது. ஹெர்ன்ஹூட் மக்கள் அப்பெயரை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினார்கள் என்றே சொல்ல வேண்டும். ஹுட்பெர்க் சரிவிலுள்ள தோட்டத்தில் குடும்பக் கல்லறைகள் இல்லை. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமுமாக, இறந்த நாளின் வரிசைப்படி ஒருவர் அருகில் ஒருவராக அடக்கம் செய்யப்பட்டனர். நிமிர்ந்த நடுகற்களோ சிலைகளோ தூண்களோ வைக்கப்படவில்லை. தரையோடு தரையாகக் கிடத்திய ஒரே வகையான தட்டைக் கற்களில் வரிசை எண்ணும் பெயரும் பிறந்த இடமும் பிறப்பு, இறப்பு நாள்களும் மட்டும் பொறிக்கப்பட்டன. பிரபுவின் மகளுக்குப் பக்கத்தில் நெசவாளியின் மகளும், மறைப்பணியாளருக்குப் பக்கத்தில் செருப்புத் தைப்பவரும் படுத்திருப்பது இவ்வரிசையால் இயல்பாயிற்று. அடுத்து யார் யாருக்கு அருகில் இடம்பெறுவார் என்பதை ஒருவரும் முன்கூட்டித் தெரிந்துகொள்ளவோ பணம் கொடுத்து மாற்றவோ முடியாது. நடுக்கால ஆலயங்கள் பீடத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை வைத்து இறந்தோரைத் தரம்பிரித்ததோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். இதற்கு ஹெர்ன்ஹூட்டிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு: 1760 மே 9 அன்று மறைந்த சின்சென்டார்ஃபுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் தோட்டத்தின் நடுவே உயர்த்திய பெரிய கல்லறைகள் அமைக்கப்பட்டன. நன்றியுணர்வு அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் சமத்துவத்தை வரைந்த அதே கைகள் அதை மீறவும் செய்தன என்பதற்கு அக்கற்களே முதல் சான்று.

1732இன் விடியல் கூடுகை இத்தகைய தோட்டத்தில்தான் நிகழ்ந்தது. மணமாகாத சகோதரர் குழுவினர் செபத்தில் இரவைக் கழித்துவிட்டு, கிறிஸ்துவின் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் தியானிக்கக் குன்றேறிச் சென்று கல்லறைகளுக்கு நடுவே நின்று பாடினர். அடுத்து வந்த ஆண்டில் சபை முழுவதும் அவர்களோடு சேர்ந்துகொண்டது. முதல் உயிர்ப்பு ஞாயிறன்று பெண்கள் அதிகாலையில் ஒரு கல்லறைக்குச் சென்றதை அவர்கள் நடிப்பாக அல்லாமல் செயலாகத் திரும்பச் செய்தனர். ஆனால் எருசலேமில் இருந்தது ஒரே கல்லறை, அதுவும் வெறுமையானது; ஹுட்பெர்க்கில் இருந்தவை தம் பெற்றோரும் நண்பரும் கிடக்கும், இன்னும் வெறுமையாகாத கல்லறைகள். அந்த இடத்தில் நின்று கிறிஸ்து எழுந்தார் என்று பாடுவது, நடந்து முடிந்ததை நினைவுகூர்வதோடு நடக்கவிருப்பதை எதிர்நோக்குவதும் ஆகும். முதற்கனியையும் அறுவடையையும் பவுல் ஒரே வாதத்தில் இணைத்தார். அந்த இணைப்பை வாதமாக இன்றி நிற்கும் இடமாகவும் எழும் கதிராகவும் உணரச் செய்ததே இவ்வழக்கத்தின் பெருமை.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வாராதனைக்கு ஒரு நிலையான வழிபாட்டு முறை உருவாயிற்று. திரித்துவக் கடவுளைப் பற்றிய நம்பிக்கையை முறையாக எடுத்துரைக்கும் அவ்வழிபாட்டை மொரேவிய சபையார் தம் விசுவாச அறிக்கையாகவே மதிக்கின்றனர். ஒரு சபையின் கொள்கை விளக்கம் அறிஞர்களின் மேசையில் இல்லாமல் கல்லறைத் தோட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஓதப்படுவது கிறிஸ்தவ வரலாற்றில் அரிதான ஒன்றாகும். கடந்த உயிர்ப்பு ஞாயிற்றிலிருந்து அவ்வாண்டுவரை சபையில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து, அவர்களோடு என்றென்றும் ஐக்கியமாக இருக்கும் வரத்தை வேண்டும் பகுதியும் அதில் உண்டு. இது இறந்தவர்களுக்காகச் செய்யப்படும் பரிகாரச் செபம் அன்று. இறந்தவரும் உயிரோடிருப்பவரும் ஒரே சபையின் உறுப்பினர்களாகவே நீடிக்கின்றனர் என்ற அறிக்கை. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் 1816இல் தம் நாட்டின் சீர்திருத்தச் சபைகளுக்கு இறந்தோர் நினைவு ஞாயிறு ஒன்றை ஏற்படுத்தியபோது, அது திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிறாக, இலையுதிர் காலத்தின் துக்கத்தோடு அமைந்தது. மொரேவியரோ தம் இறந்தோரை நினைக்கத் தேர்ந்தது ஆண்டின் மிக மகிழ்ச்சியான காலைப்பொழுதை.

அந்த மகிழ்ச்சி அவர்களுடைய மரண வழக்கங்கள் எல்லாவற்றிலும் படிந்திருந்தது. இறப்பை அவர்கள் "வீடு திரும்புதல்" என்றனர். கறுப்புத் துக்க உடையைத் தவிர்த்தனர். ஊரில் ஒருவர் இறந்ததும், டிராம்போன் என்னும் பித்தளை ஊதுகருவிகளை இசைக்கும் குழுவினர் உயரமான இடத்திலிருந்து மூன்று பண்களை வாசிப்பர்: முதலாவது மரணத்தை அறிவிக்கும், இரண்டாவது இறந்தவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பதைத் தெரிவிக்கும், மூன்றாவதாக முதற்பண் மீண்டும் ஒலிக்கும். வயலில் வேலை செய்துகொண்டிருப்பவர் இரண்டாம் பண்ணைக் கேட்டதுமே, போனது குழந்தையா, கைம்பெண்ணா, இளைஞனா என்று அறிந்துகொள்வார். மொரேவியர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அமைத்த பெத்லகேம் என்ற ஊரில் இத்தகைய இசைக்குழு 1754 முதல் இயங்கிவந்தது. உயிர்ப்பு ஞாயிறன்று பொழுது புலர்வதற்கு முன்பே ஊரை எழுப்புவதும் இதே கருவிகள்தான் என்பதால், மரணத்தை அறிவித்த ஒலியும் உயிர்த்தெழுதலை அறிவிக்கும் ஒலியும் அம்மக்களின் செவியில் ஒன்றாயின.

இதனினும் குறிப்பிடத்தக்கது "வாழ்க்கைக் குறிப்பு" எழுதும் வழக்கம். சபையின் ஒவ்வோர் உறுப்பினரும் தம் வாழ்க்கைக் கதையைத் தாமே எழுதிவைக்க வேண்டும், அல்லது சொல்லி எழுதுவிக்க வேண்டும். அவர் இறந்த பின் பிறர் அதன் முடிவைச் சேர்த்து அடக்க ஆராதனையில் வாசிப்பர். சமையற்காரி, தச்சர், அடிமையாக விற்கப்பட்டவர் என எழுத்துலகம் கண்டுகொள்ளாத ஆயிரக்கணக்கானோரின் தன்வரலாறுகள் இவ்வாறு சேர்ந்து, ஹெர்ன்ஹூட்டிலும் பெத்லகேமிலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. கல்லில் ஒருவருக்கு ஒருவர் வேறுபாடு காட்டாதவர்கள், ஏட்டில் ஒவ்வொருவரின் தனித்தன்மையையும் காத்தனர். எழுப்பப்படப்போவது பெயரற்ற கூட்டமன்று, தனக்கென ஒரு கதையுள்ள மனிதர் என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் எளிய மக்களைப் பற்றி ஆராய்வோர் இவ்வேடுகளுக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறார்கள்.

1732ஆம் ஆண்டின் அதே கோடையில், ஆகஸ்ட் 21 அன்று, லியோன்ஹார்ட் டோபர், டேவிட் நிட்ஷ்மன் என்ற இருவர் கரீபியன் கடலிலுள்ள செயின்ட் தாமஸ் தீவின் அடிமைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப் புறப்பட்டனர். அடுத்த ஆண்டு கிரீன்லாந்துக்கும் பணியாளர்கள் சென்றனர். அப்பணிகளின் விளைவாகக் கிறிஸ்தவராகி இறந்தவர்களை யோஹான் வாலண்டின் ஹைட் என்ற ஓவியர் 1747இல் "முதற்கனிகள்" என்னும் பெரிய ஓவியத்தில் தீட்டினார்: அரியணையில் அமர்ந்த கிறிஸ்துவைச் சூழ்ந்து கிரீன்லாந்தினரும் ஆப்பிரிக்கரும் அமெரிக்கப் பழங்குடியினரும் தத்தம் உடையோடும் முகத்தோடும் நிற்கின்றனர். பெத்லகேமின் கல்லறைத் தோட்டம் அவ்வோவியத்தை நிலத்திலும் மெய்ப்பித்தது. 1746இல் பெரியம்மையால் இறந்த மோஹிகன் பழங்குடித் தலைவர் யோஹான்னஸ் அங்கே ஜெர்மானியரோடு அடக்கம் செய்யப்பட்டார். மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மக்களிடையே ஒஃபோதோபெந்தோ ஊமா என்ற பெயரோடு பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, பெத்லகேமில் ஆண்ட்ரூ என்ற பெயரில் வாழ்ந்து 1779இல் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது.

ஆனால் இந்தச் சமத்துவம் கல்லறையின் வேலிக்கு உள்ளேதான் இருந்தது. செயின்ட் தாமசில் சபை 1738இல் அடிமைகளோடு ஒரு தோட்டத்தை விலைக்கு வாங்கியது. மறு ஆண்டு அங்கே வந்த சின்சென்டார்ஃப், எசமானர்களுக்குக் கீழ்ப்படியும்படி அடிமைகளுக்கு அறிவுரை கூறிச் சென்றார். பெத்லகேமிலும் வட கரோலினாவின் சேலத்திலும் சபையே அடிமைகளை வைத்திருந்தது. இறந்த பின் சமமாகக் கிடக்கப்போகிறவர்கள் வாழும்போது ஏன் சமமாக இருக்கக் கூடாது என்ற கேள்வியை அவர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் எதிர்கொள்ளாமல் தள்ளிவைத்தனர்; அப்படித் தள்ளிவைக்கப்பட்ட கேள்வி கடைசியில் கல்லறையின் சமத்துவத்தையே அழித்தது.

சேலத்தின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1766இல் நிறுவப்பட்ட அவ்வூரில் 1772இல் முதல் உயிர்ப்பு விடியல் ஆராதனை நடந்தது. ஏறக்குறைய 24 அங்குல நீளமும் 20 அங்குல அகலமும் உள்ள வெண்பளிங்குக் கற்கள் அதன் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகப் பரந்து கிடக்கின்றன. தொடக்கத்தில் கறுப்பின சகோதரர்களும் அவ்வரிசைகளில் இடம்பெற்றனர்: மண்டிங்கா இனத்தவரான ஆபிரகாம் 1797இலும், அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்ற குயவர் பீட்டர் ஆலிவர் 1810இலும் இறந்து, தம் குழுவின் வெள்ளையரோடு அடக்கம் செய்யப்பட்டனர். சுற்றிலும் அடிமைமுறை வேரூன்றிய தென்மாநில வழக்கத்தைச் சபையாரும் மெல்லமெல்ல ஏற்றுக்கொண்டதன் முடிவாக, 1816இல் கறுப்பினத்தவரின் அடக்கத்துக்குத் தனி இடம் என்று தீர்மானித்தனர். 1823இல் அவர்களுக்குத் தனி ஆலயமும் கட்டப்பட்டது. 1861இல் எழுந்த அவர்களுடைய செங்கல் ஆலயத்தில்தான் 1865 மே 21 அன்று அடிமை விடுதலை அறிவிப்பு வாசிக்கப்பட்டது. அந்த ஆலயத்தை ஒட்டிய கறுப்பின மக்களின் கல்லறைக் கற்கள் 1913இல் அப்புறப்படுத்தப்பட்டு ஆலயக் கட்டடத்துக்கு அடியில் போடப்பட்டன. 1990களின் அகழாய்வில் அவை மீண்டும் வெளிப்பட்டன. 2006இல் அமெரிக்காவின் தென்மாகாண மொரேவிய சபை அடிமைமுறையில் தன் பங்குக்காக மன்னிப்புக் கோரியது. செயின்ட் பிலிப்ஸ் என்று பெயர்பெற்ற அந்தச் சபை தன் வழிபாட்டை இன்றும் தொடர்கிறது.

சேலத்தின் இந்தக் கதை தமிழருக்கு அயலானதன்று. மொரேவியர் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து, ஊருக்கு அருகே "சகோதரர் தோட்டம்" என்ற குடியிருப்பை அமைத்தனர். நிகோபார் தீவுகளில் பணி செய்வதே அவர்களுடைய முதல் நோக்கம். 1768 முதல் 1787 வரை அத்தீவுகளில் அவர்கள் மேற்கொண்ட முயற்சி காய்ச்சலாலும் மரணங்களாலும் முறிந்துபோனது. தரங்கம்பாடியிலிருந்தும் 1803இல் அவர்கள் வெளியேறினர். அவர்களுடைய கல்லறை ஒழுங்கு இங்கே வேர்விடவில்லை. இங்கே வேர்விட்டது வேறொன்று. தமிழ்நாட்டின் பல ஊர்களில் தலித் கிறிஸ்தவர்களுக்கும் பிற சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் வெவ்வேறு கல்லறைகள் இருக்கின்றன. திருச்சிராப்பள்ளி மேலப்புதூரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து நிற்கும் சாதிச் சுவர் நெடுங்காலமாகப் போராட்டங்களுக்குக் காரணமாக இருந்துவருகிறது. சேலத்தில் நிறம் செய்ததை இங்கே சாதி செய்தது. சேலத்தில் தவறை ஒப்புக்கொள்ள ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின என்பதைக் காட்டி, இங்கும் காலம் பொறுப்போம் என்று சொல்வாருண்டு. அந்த வாதம் ஏற்கத்தக்கதன்று, ஏனெனில் அங்கும் இங்கும் ஒவ்வோர் அடக்கத்தின்போதும் ஓதப்படுவது சரீரம் உயிர்த்தெழும் என்ற அதே அறிக்கைதான், அதில் யாருக்கும் தனி வாசல் குறிப்பிடப்படவில்லை.

சேலத்தில் இன்றும் உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை குடும்பத்தார் வந்து பளிங்குக் கற்களைத் தேய்த்துக் கழுவி மலர் வைக்கின்றனர். நள்ளிரவுக்குப் பின் நூற்றுக்கணக்கான இசைஞர்கள் குழுக்களாகப் பிரிந்து தெருத்தெருவாகச் சென்று உறங்குவோரை எழுப்புகின்றனர். ஆலய வாசலில் கிறிஸ்து எழுந்தார் என்ற அறிவிப்பும் மக்களின் மறுமொழியும் ஒலித்தபின், ஊர்வலம் கல்லறைத் தோட்டத்தை அடையும்போது பொழுது விடிகிறது. டென்மார்க்கில் 1773இல் நிறுவப்பட்ட கிறிஸ்தியான்ஸ்ஃபெல்ட் 2015இலும், ஹெர்ன்ஹூட், பெத்லகேம், வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில் ஆகியவை 2024இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. ஹெர்ன்ஹூட்டின் தட்டைக் கற்களைப் பாரம்பரியம் என்று போற்றுவது எளிது. தமிழ்நாட்டுத் திருச்சபைத் தலைவர்களும் பங்குப் பேரவைகளும் செய்ய வேண்டியது, அடுத்த உயிர்ப்பு ஞாயிறு வருமுன் தத்தம் கல்லறைத் தோட்டங்களில் சாதியின் பெயரால் எழுந்த சுவர்களையும் வேலிகளையும் அகற்றி, இனி இறப்பவர்களை இறந்த நாளின் வரிசைப்படி ஒரே மண்ணில் அடக்கம் செய்யத் தீர்மானிப்பதாகும்.